காசு கொடுத்து வாங்கின புத்தகம் ஏன் மனசைக் கெடுக்கிறது? பாம்பன் அலமாரிக்கு அடிக்கடி வரும் கேள்விகள்

பாம்பனில் எங்கள் வீட்டுத் திண்ணையில் இரண்டு இரும்பு அலமாரி நிறையப் புத்தகம் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் எடுத்துப் போகலாம். திருப்பித் தரும்போது, பக்கத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருக்கிற நோட்டில் அந்தப் புத்தகத்தைப் பற்றி ஒரு வரி எழுதவேண்டும், அவ்வளவுதான் விதி. பதினோரு வருடத்தில் ஒன்பது நோட்டு நிரம்பிவிட்டது. மண்டபம், தங்கச்சிமடம், ராமேஸ்வரம் என்று அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து வாட்ஸ்அப்பிலும் கேட்கிறார்கள், அதிலும் ஆன்லைனில் வாங்கி ஏமாந்த பிறகு கேட்பவர்கள்தான் அதிகம். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டிக்கொண்டிருப்பதைவிட ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

கதை பிடிக்காமல் போனால் அதுவும் ஏமாற்றம்தானே?

அது வேறு. எழுத்தாளர் ஒரு மாதிரி எழுதுகிறார், நமக்கு ஒத்துவரவில்லை, அதே புத்தகத்தைப் பக்கத்து வீட்டு அக்கா மூன்று தடவை படித்திருப்பார். அதற்காக யாரிடமும் போய் நிற்க முடியாது. அட்டையும் விளம்பரமும் ஒன்று சொல்லி, உள்ளே வேறொன்று இருப்பதைத்தான் நான் ஏமாற்றம் என்கிறேன். நோட்டுகளைப் புரட்டினால் ஆட்கள் மனசு விட்டுப்போய் எழுதியிருக்கிற இடங்களில் பெரும்பாலும் இந்த ஒரு காரணம்தான் இருக்கிறது: தான் என்ன புத்தகம் என்பதை அந்தப் புத்தகம் வாங்குகிறவரிடம் சொல்லவில்லை.

கடைக்குள் போய் எடுத்துப் புரட்டி, பிடித்தால் வாங்கி, இல்லையென்றால் வைத்துவிட்டு வருகிற ஊர்க்காரர்களுக்கு இது அவ்வளவு உறைக்காது. நமக்குப் பெரிய புத்தகக் கடை என்றால் மதுரை, பஸ்ஸில் நாலு மணி நேரம். ராமநாதபுரத்தில் வருடத்துக்கு ஒரு தடவை புத்தகத் திருவிழா போடும்போதுதான் நிதானமாகத் தொட்டுப் பார்க்க முடிகிறது. மற்ற நாளெல்லாம் போனில் அட்டைப் படத்தைப் பார்த்துப் பணம் அனுப்புகிறோம், கூரியர் காசும் சேர்த்து. அதனால் புத்தகத்தைப் பற்றி முன்கூட்டியே உண்மை சொல்லவேண்டியது நம்மை மாதிரி ஆட்களுக்கு ரொம்ப முக்கியம்.

328 பக்கம் என்று போட்டிருந்தது, இரண்டு ராத்திரியில் முடிந்துவிட்டதே?

பக்கத்தை எண்ணாதீர்கள், வரியை எண்ணுங்கள். எங்கள் அலமாரியில் ஒரே நாவலுக்கு இரண்டு பதிப்பு இருக்கிறது. பழையது 184 பக்கம், பக்கத்துக்கு 32 வரி, வரிக்கு ஏழு வார்த்தை வருகிறது. புதியது 328 பக்கம், பக்கத்துக்கு 21 வரி, வரிக்கு ஆறு வார்த்தை. பெருக்கிப் பாருங்கள், ஒரே அளவுதான். எழுத்தைப் பெரிதாக்கி, ஓரத்தில் இடம் விட்டு, தாளையும் தடிமனாகப் போட்டிருக்கிறார்கள். பெரிய எழுத்து தப்பே இல்லை, கண் மங்கின பெரியவர்கள் அந்தப் புதுப் பதிப்பைத்தான் தேடி எடுத்துப் போகிறார்கள். ஆனால் அதைப் பெரிய எழுத்துப் பதிப்பு என்று சொல்லி விற்கவேண்டும்.

முன்பெல்லாம் தமிழ்ப் புத்தகங்களில் முதல் தாளின் பின்பக்கத்தில் நூல் விவரம் என்று ஒரு பட்டியல் இருக்கும். அளவு டெம்மி அல்லது கிரவுன், எழுத்து 11 புள்ளி, தாள் இத்தனை கிலோ மேப்லித்தோ, கட்டுமானம் தையல், பக்கம் இத்தனை, விலை இவ்வளவு என்று வரிசையாகப் போட்டிருப்பார்கள். பழைய வழக்கம் என்று பலரும் அதை விட்டுவிட்டார்கள். அதை விட்டிருக்கக் கூடாது. பார்க்காமல் வாங்குகிறவனுக்கு அந்த ஏழெட்டு வரியைவிட உபயோகமான விளம்பரம் கிடையாது.

ஏற்கெனவே வீட்டில் இருக்கிற கதைகளே வேறு தலைப்பில் வந்திருக்கின்றன. வாங்குமுன் எப்படித் தெரிந்துகொள்வது?

நோட்டில் கோபம் கொப்பளிக்கிற பக்கங்கள் இதைப் பற்றியவைதான். ஒரு எழுத்தாளரின் நாற்பது கதைகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் பன்னிரண்டை எடுத்து ஒரு தொகுப்பு போடுகிறார்கள், ஒரு கதையின் பெயர்தான் தலைப்பு. அப்புறம் ‘தேர்ந்தெடுத்த கதைகள்’ வருகிறது, அப்புறம் ‘காதல் கதைகள்’, அப்புறம் ‘முழுத் தொகுப்பு’. நாலையும் வாங்கினவர் வீட்டில் ஒரே கதை மூன்று நாலு இடத்தில் இருக்கும். நாவலில் இதைவிட மோசம், முப்பது வருடத்துக்கு முன்னால் தொடராக வந்து ஒரு பெயரில் புத்தகமானது, இப்போது புதுப் பெயரில் புது அட்டையோடு வருகிறது, பழைய பெயரைப் பற்றி உள்ளே ஒரு வார்த்தை கிடையாது. தங்கச்சிமடத்திலிருந்து வரும் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் இப்படி வாங்கின நாவலில் ஐம்பதாம் பக்கம் வரைக்கும் போய், கதாநாயகி தம்பியின் பெயர் வந்த இடத்தில்தான் இது தான் கல்லூரியில் படித்த கதை என்று கண்டுபிடித்தார். திரும்பப் படித்ததில் அவருக்கு வருத்தமே இல்லை. புதுசு என்று நம்பவைத்து 350 ரூபாய் வாங்கினதுதான் அவருக்கு ஆறவில்லை.

வழி ஒன்றுதான், பொருளடக்கப் பக்கத்தின் படம் கேளுங்கள். விற்கிறவர் அனுப்பவில்லையென்றால் வாங்கவேண்டாம். கதைகள் எந்த வருடம் எழுதியவை, முன்பு எந்தத் தொகுப்பில் வந்தவை என்று ஒவ்வொரு கதைக்கும் கீழே போட்டிருக்கிற பதிப்பாளர்களும் இருக்கிறார்கள். அப்படிப்பட்டவர்களிடம் தைரியமாக வாங்கலாம்.

‘ஐந்தாம் பதிப்பு’ என்றால் என்ன அர்த்தம்?

பெரும்பாலும் ஐந்தாவது தடவை அச்சடித்தார்கள் என்றுதான் அர்த்தம். அச்சு என்பது அதே பக்கங்களைத் திரும்ப ஓட்டுவது. பதிப்பு என்றால் உள்ளே திருத்தமோ சேர்க்கையோ இருக்கவேண்டும். தமிழில் இரண்டையும் ஒரே சொல்லால் சொல்லிப் பழகிவிட்டோம். அதனால் ‘திருத்திய விரிவான பதிப்பு’ என்று அட்டையில் பார்த்தால், என்ன திருத்தினீர்கள், எதை விரித்தீர்கள் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். புது முன்னுரை நாலு பக்கம் மட்டும் சேர்ந்திருக்கிற விரிவான பதிப்பு எங்களிடம் இரண்டு இருக்கிறது.

மொழிபெயர்ப்பு நூல்கள் ஏன் இப்படிக் கல்லும் முள்ளுமாக இருக்கின்றன?

மொழிபெயர்ப்பாளரை உடனே திட்டாதீர்கள். முதலில் அட்டையைப் பாருங்கள், அவர் பெயர் இருக்கிறதா? பல புத்தகங்களில் முன்னட்டையில் இருக்காது. சிலவற்றில் உள்ளேயும் சின்ன எழுத்தில் ஒரு மூலையில் இருக்கும். ஆறு மாதம், ஒரு வருடம் உட்கார்ந்து வேலை பார்த்தவரின் பெயரையே போட மனசில்லாத இடத்தில், அவருக்கு ஒழுங்கான கூலியும் நேரமும் கொடுத்திருப்பார்கள் என்று நம்ப எனக்குக் காரணம் தெரியவில்லை.

அடுத்தது, எந்த மொழியிலிருந்து மொழிபெயர்த்தார்கள்? வங்காள நாவல் என்று வாங்குகிறோம், அது ஆங்கில மொழிபெயர்ப்பிலிருந்து தமிழுக்கு வந்திருக்கும். அதில் தவறில்லை, எல்லா மொழிக்கும் நேரடியாகத் தெரிந்த ஆள் கிடைக்கமாட்டார். ‘ஆங்கில வழி’ என்று இரண்டு வார்த்தை போட்டுவிட்டால் போதும். போடாதபோது என்ன ஆகிறது என்றால், மூலத்தில் அத்தை, சித்தி, பெரியம்மா என்று தனித்தனியாக இருந்த உறவுகள் ஆங்கிலத்தில் ஒரே சொல்லாகி, தமிழுக்கு வரும்போது எல்லாருமே ‘அத்தை’ ஆகிவிடுகிறார்கள். அப்பாவின் தங்கை யார், அம்மாவின் தங்கை யார் என்று தெரியாமல் குடும்பக் கதையை எப்படிப் படிப்பது? அப்பாவோடு பிறந்தவளை அத்தை, அம்மாவோடு பிறந்தவளை சித்தி, பெரியம்மா என்று பிரித்துக் கூப்பிடுகிறவர்கள்தானே நாம், இந்தக் குழப்பம் நமக்குத் தமிழிலேயே வரலாமா?

மூன்றாவது சுருக்கம். 600 பக்க ரஷ்ய நாவல் தமிழில் 220 பக்கத்தில் வந்தால் அது சுருக்கம்தான். சுருக்கம் என்று அட்டையில் இருக்கவேண்டும். ஒரு பையன் அப்படி ஒரு புத்தகத்தைப் படித்துவிட்டு ‘பெரிய நாவல் என்றார்கள், ஒன்றுமே இல்லை’ என்று நோட்டில் எழுதியிருந்தான். அவன் அந்த நாவலைப் படிக்கவே இல்லை என்பது அவனுக்குத் தெரியாது, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நம் கடலைப் பற்றி வருகிற நாவல்களும் பயண நூல்களும் நம் ஆட்களுக்கே பிடிப்பதில்லையே, ஏன்?

இதைப் பற்றி மட்டும் தனி நோட்டு போடலாம். பாம்பனில் நிற்கிறவனுக்குக் கடல் ஒன்று கிடையாது, இரண்டு. வடக்கே பாக் ஜலசந்திப் பக்கம் இருப்பது வடகடல், தெற்கே மன்னார் வளைகுடா தென்கடல். பெண் கடல், ஆண் கடல் என்றும் சொல்வார்கள். வாடைக்காற்று அடிக்கிற மாதங்களில் வடகடல் பொங்கும், தென்கடல் அடங்கிக் கிடக்கும். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று தொடங்கிவிட்டால் அப்படியே தலைகீழ். எந்தக் காற்று அடிக்கிறது என்று பார்த்துத்தான் எந்தப் பக்கம் தொழிலுக்குப் போவது என்றே முடிவாகிறது. ‘சீறிப் பாய்ந்த கடல்’ என்று மட்டும் எழுதியிருந்தால் எங்கள் ஆள் உடனே கேட்பது, எந்தக் கடல், என்ன காற்று? அந்த ஒரு கேள்விக்குக் கதையில் பதில் இல்லையென்றால் அவருக்குப் புத்தகம் அங்கேயே முடிந்துவிட்டது.

மே மாதம் விசைப்படகில் தொழிலுக்குப் போகிற கதாநாயகன் ஒருவன் வருகிறான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கரையில் நிற்கும். கதை 2001க்கு முன்னால் நடக்கிறது என்றால் சரி, அப்போது இந்தத் தடை இல்லை. ஆனால் அந்தக் கதாநாயகன் கையில் ஸ்மார்ட்போன் வைத்திருக்கிறான். இதே மாதிரி, வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுக்கு, நாலு நாள் நாட்டுப்படகுக்கு என்கிற ஏற்பாடு தெரியாமல் தினமும் படகைக் கடலுக்கு அனுப்புகிறார்கள்.

தனுஷ்கோடி பற்றிய புத்தகங்களை வாங்குகிறவர்கள் அதிகம், ஏமாறுகிறவர்களும் அதிகம். புயல் 1964 டிசம்பர் 22 ராத்திரி அடித்தது, பாம்பன் – தனுஷ்கோடி பாசஞ்சர் ரயில் தனுஷ்கோடியை நெருங்கும் இடத்தில் அலையில் போனது. ரயில் பாம்பன் பாலத்திலிருந்து கடலில் விழுந்தது என்று அச்சடித்த புத்தகம் என் அலமாரியிலேயே இருக்கிறது. பாலமும் அதே புயலில் சிதைந்தது, கர்டர்கள் அடித்துச் செல்லப்பட்டன, 46 நாளில் திரும்பச் சரிசெய்தார்கள், அந்த வேலையை முன்னின்று நடத்தியவர் ரயில்வே பொறியாளர் ஈ. ஸ்ரீதரன். இரண்டு சம்பவத்தையும் யாரோ ஒன்றாகக் கலந்து எழுதியிருக்கிறார்கள், அதைப் பார்த்து அடுத்தவர் எழுதியிருக்கிறார். அந்த ரயிலில் சொந்தக்காரரைப் பறிகொடுத்த குடும்பங்கள் இன்னும் இந்தப் பக்கம் இருக்கின்றன. அவர்கள் வீட்டில் அந்தப் பக்கத்தைப் படித்தால் எப்படி இருக்கும் என்று எழுதுகிறவர் ஒரு நிமிஷம் நினைக்கவேண்டும். ரயில்வேயில் இருந்த பெரியவர் யாரையாவது கேட்டிருந்தால் போதும், திருத்திக் கொடுத்திருப்பார்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். சின்னப்பாலத்திலிருந்து ஒரு அக்கா வருவார், கடலில் முங்கிக் கடற்பாசி எடுக்கப் போகிறவர். பாசி எடுக்கும் பெண் ஒருத்தியைப் பற்றிய கதை இருக்கிறது என்று ஆசையாகக் கொடுத்தேன். மூன்று நாளில் திரும்பி வந்தார். “தம்பி, இதுல இவ வளையல் குலுங்கக் கரையில நின்னு பாசி அள்ளுறா” என்றார். அப்புறம் கையை நீட்டிக் காட்டினார். விரல் நுனியெல்லாம் பாறை கீறின தழும்பு, ஆள்காட்டி விரல் நகம் பாதி இல்லை. துணியைக் கிழித்து விரல் விரலாகச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்து முங்கிப் பாறையிலிருந்து பிய்க்கவேண்டும். கதையில் பாசியின் பெயர்கூட வரவில்லை, வெறும் ‘கடல் தாவரம்’ என்று இருந்தது. மரிக்கொழுந்துப் பாசி, கட்டக்கோரை என்று அவர் வாயில் பத்து நிமிஷத்தில் வந்த சொற்கள் அந்த 200 பக்கத்தில் எங்கேயும் இல்லை. அவர் காசு கொடுத்து வாங்கவில்லை, வாங்கினது நான். ஆனால் ஏமாந்தது அவர்தான்.

எழுத்துப்பிழை இவ்வளவு இருக்கிறதே, யாரும் படித்துப் பார்க்காமலா அச்சடிக்கிறார்கள்?

சில இடங்களில் அப்படித்தான் நடக்கிறது. மெய்ப்பு பார்க்க, அதாவது அச்சுக்கு முன் பிழை திருத்த, ஒரு ஆளுக்குப் பணம் கொடுக்கவேண்டும், புத்தகக் கண்காட்சி தேதி நெருங்கினால் முதலில் வெட்டப்படுவது அந்த வேலைதான். ஒரு காரணம் எழுத்துரு மாற்றம். பழைய கோப்புகள் ஒருங்குறிக்கு (யூனிகோட்) முந்தைய எழுத்துருக்களில் இருக்கும், மாற்றும்போது சில எழுத்துகள் உடையும். இன்னொன்று, பழைய புத்தகத்தை ஸ்கேன் செய்து, படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கிற எழுத்துணரி மென்பொருளில் போட்டு எடுப்பது, அதில் ‘ன’ ‘ள’ ஆகும், ‘எ’ ‘ஏ’ ஆகும், புள்ளி காணாமல் போகும். ‘எடு’ என்ற சொல் ‘ஏடு’ ஆனால் வரியின் பொருளே போச்சு.

சோதித்துப் பார்க்க ஒரு சுலபமான வழி சொல்கிறேன். ‘ஔவை’ என்ற சொல் எங்காவது இருந்தால் பாருங்கள். முதல் எழுத்து ஒரே எழுத்தாக இல்லாமல் ‘ஒ’வும் ‘ள’வும் பக்கத்தில் பக்கத்தில் ‘ஒளவை’ என்று நின்றால், மீதிப் பக்கங்களையும் ஒரு சந்தேகத்தோடு படியுங்கள்.

வரலாற்று, கட்டுரை நூல்களில் தேடினது கிடைப்பதே இல்லை.

எந்தச் சொல், எந்தப் பெயர் எந்தப் பக்கத்தில் என்று கடைசியில் காட்டுகிற சொல்லடைவு போடுவதில்லை. ராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதிகள் பற்றி 500 பக்க நூலில் பாஸ்கர சேதுபதி எங்கெங்கே வருகிறார் என்று பார்க்க முழுவதையும் புரட்டவேண்டியிருக்கிறது. கணினியில் கோத்த புத்தகத்துக்குப் பெயரடைவு தயாரிக்க ஒரு வாரம் போதும்.

பழைய இலக்கியங்களின் மலிவுப் பதிப்பை வாங்கலாமா?

பார்த்து வாங்குங்கள். இந்தியாவில் ஆசிரியர் இறந்து 60 வருடம் கடந்துவிட்டால் யாரும் வெளியிடலாம், அதனால் ஒரே நூலை இருபது பேர் போடுகிறார்கள். உரை யாருடையது என்று போடாத பதிப்பைத் தொடாதீர்கள். பாட்டு எண்ணிக்கை சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். வாங்குவதற்கு முன்னால் இணையத்தில் தேடுங்கள், மதுரைத் திட்டம் என்ற மின்னூல் தொகுப்பிலோ தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலோ அதே நூல் இருக்கும், இலவசம், போனிலேயே ஒப்பிட்டுவிடலாம்.

பக்கம் காணவில்லை, சில பக்கம் இரண்டு தடவை வருகிறது. என்ன செய்வது?

இது அச்சகத்தில் நடந்த தவறு, மாற்றித் தரவேண்டியது அவர்கள் கடமை. புத்தகம் 16 பக்கம் கொண்ட ஃபாரம் ஃபாரமாக அச்சாகிறது. அடுக்கும்போது ஒன்று தவறி, முந்தினதே இரண்டு தடவை சேர்ந்துவிட்டால் 81 முதல் 96 வரை இரண்டு முறை இருக்கும், 97 முதல் 112 வரை இருக்காது. இந்தக் கணக்கைச் சொல்லிப் படம் எடுத்து அனுப்பினால் பதிப்பாளருக்கு உடனே புரிந்துவிடும், நல்லவர்கள் அன்றே வேறு பிரதி அனுப்புவார்கள். ஒரு நாவலில் எனக்கே இப்படி ஆகி, மூன்று மாதம் பதிலே வரவில்லை. அப்படி இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்யுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம், இரண்டு வருடத்துக்குள் போகவேண்டும், 5 லட்சம் ரூபாய் வரைக்கும் கட்டணம் கிடையாது. அதனால் பில்லைத் தூக்கிப் போடாதீர்கள், புத்தகத்துக்குள்ளேயே வையுங்கள்.

நம் ஊரில் மட்டும் புத்தகம் ஏன் இவ்வளவு சீக்கிரம் கெடுகிறது? இதுவும் பதிப்பாளர் தப்பா?

பாதி பாதி. உப்புக்காற்று ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும், தாளில் படிந்தால் விடாது. அட்டையின் வெளிப்பக்கம் மட்டும் பிளாஸ்டிக் லேமினேஷன் இருப்பதால் உள்பக்கத் தாள் ஈரம் குடித்து விரிகிறது, வெளிப்பக்கம் விரிய முடியவில்லை, அதனால்தான் ஐப்பசி, கார்த்திகையில் அட்டைகள் வாழை இலை மாதிரி வெளியே சுருண்டு நிற்கின்றன. ஸ்டேப்ளர் பின் அடித்த சின்னப் புத்தகங்கள் ஒரே வருடத்தில் துருப்பிடித்து, பின்னைச் சுற்றிப் பழுப்புக் கறை ஏறி, நடுத்தாள் கையோடு வரும். பசையில் மட்டும் ஒட்டின தடிப் புத்தகம் நடுவில் பிளக்கும். 400 பக்கத்துக்கு மேல் போனால் தைத்துக் கட்டுங்கள் என்று பதிப்பாளர்களை நாம் கேட்கத்தான் வேண்டும்.

நம் பக்கம் செய்யவேண்டியது, கடல் பார்த்த சுவரில் அலமாரியைச் சாய்க்காதீர்கள், நெருக்கி அடுக்காதீர்கள், ஈரத்தோடு பிளாஸ்டிக் கவரில் போட்டு மூடாதீர்கள், பூஞ்சை பிடித்துவிடும். இராமபாணப் பூச்சிக்கு வசம்புத் துண்டைத் துணியில் முடிந்து வைக்கிறோம், ஓலைச்சுவடிக் காலத்திலிருந்து வருகிற பழக்கம்.

வாங்குமுன் விற்பவரிடம் என்னதான் கேட்பது?

மூன்று படம். பதிப்புரிமைப் பக்கம், பொருளடக்கம், நடுவில் ஏதாவது ஒரு பக்கம். நடுப்பக்கத்தை நீங்கள் எண் சொல்லிக் கேளுங்கள், அவர்கள் இஷ்டத்துக்கு விடாதீர்கள். அந்த ஒரு பக்கத்தில் எழுத்தின் அளவு, தாள், பிழை, நடை எல்லாமே தெரிந்துவிடும். பின்னட்டையில் யார் என்ன புகழ்ந்திருக்கிறார்கள் என்பதை நான் இப்போது படிப்பதே இல்லை.

ஏமாற்றமே தராத புத்தகம் என்று ஏதாவது உங்கள் அலமாரியில் இருக்கிறதா?

இருக்கிறது. சோவியத் காலத்தில் மாஸ்கோ முன்னேற்றப் பதிப்பகம் தமிழில் போட்ட சில புத்தகங்கள், பழைய பேப்பர் கடையில் எடை போட்டு வாங்கினவை. கெட்டி அட்டை, தையல் கட்டு, இத்தனை வருட உப்புக்காற்றில் ஒரு தாள்கூடக் கழன்று வரவில்லை. முதல் பக்கத்திலேயே தமிழில் பெயர்த்தவர் பெயர் இருக்கிறது, பூ. சோமசுந்தரம் என்றோ ரா. கிருஷ்ணையா என்றோ. அதில் ஒன்றைப் போன வாரம் சின்னப்பாலத்து அக்கா எடுத்துப் போயிருக்கிறார், மகள் சத்தமாகப் படிக்க இவர் வலை முடிந்துகொண்டே கேட்கிறாராம். நோட்டில் இன்னும் எழுதவில்லை.